எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்

மாஸ்டருக்கு வலி என்று எதுவும் இல்லை. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது. வலித்திருந்தால் மனிதர் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவருக்கு வேலை. பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்களுக்குப் பக்கத்து சீட்டிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். அப்படியும் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறாரே என்று பள்ளி முதலாளிக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. எல்லோரும் போய் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

வயிற்றில் குளுகுளுவென்று எதையோ தடவி ஸ்கேன் கருவியை உருட்டிக்கொண்டு வந்த பெண், இடது பக்கம் வந்ததும் பேச்சை நிறுத்தினாள். அதே இடத்தில் திரும்பத் திரும்ப உருட்டினாள். பிறகு, "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு யாரையோ கூப்பிடப் போனாள்.

விஷயம் இதுதான். இடது கிட்னியில் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கட்டி. அது சும்மா கிடக்கும் சாதுவான கட்டியா, ஆளைத் தின்னும் புற்றுநோயா என்று ஸ்கேனில் தெரியவில்லை. அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வலது கிட்னி பிறவியிலேயே சுருங்கி, பேருக்கு ஒன்று என்று ஓரமாகக் கிடந்தது. இத்தனை வருஷமும் மாஸ்டர் இடது கிட்னி ஒன்றை நம்பித்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை எடுத்துவிட்டால் மிச்ச வாழ்க்கை முழுக்க ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினோடு கட்டிப்போட்ட மாதிரிதான். எடுக்காமல் விட்டு, அது கெட்டதாகவும் இருந்துவிட்டால், மெஷினுக்கும் வேலை இருக்காது.

மறுநாளே மனைவியைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். மனைவி தண்ணீர் விநியோக அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலையில் இருப்பவள். தண்ணீர் வராத வீட்டுக்காரர்கள் எல்லோரும் நாள் முழுக்க அவள் காதில்தான் கத்துவார்கள். எந்த அலுவலகத்தில் எவன் எப்படி மழுப்புவான் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

அந்த ஆஸ்பத்திரியின் தலைமை அறுவை டாக்டரை முன்னால் 'ஐயா' என்றும் பின்னால் 'பெரிய கத்தி' என்றும் அழைப்பார்கள். மாஸ்டர் நாற்காலியில் முழுசாக உட்காருவதற்குள் அவர் முடிவைச் சொல்லிவிட்டார்.

"எடுத்துடலாம்."

"சார், அது நல்லதா கெட்டதான்னு..."

"எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடும்."

"எடுக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க முடியாதா சார்?"

பெரிய கத்தி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "எடுக்காம எப்படிங்க எடுத்துப் பார்க்கிறது?"

நியாயமாகத்தான் பட்டது. மாஸ்டர் தலையாட்டிவிட்டார். மனைவி விடவில்லை.

"கட்டியை மட்டும் எடுக்கக் கூடாதா டாக்டர்?"

"அது நட்டநடுவுல சம்மணம் போட்டு உக்காந்திருக்கும்மா. எடுத்தா கிட்னியோடதான்."

"அவருக்கு இன்னொண்ணு வேலையே செய்யலையே."

பெரிய கத்தி ரிப்போர்ட்டை எடுத்து விரலை வைத்துக் காட்டினார். "வலது கிட்னி, ஒண்ணு. இடது கிட்னி, ஒண்ணு. கூட்டுங்க. ரெண்டு வருதா? ரெண்டு இருந்தா ஒண்ணை எடுக்கலாம்கிறது எங்க விதி. மிச்சம் இருக்கிறது வேலை செய்யுதா, படுத்துத் தூங்குதாங்கிறது வேற டிபார்ட்மென்ட்."

வெளியே வந்து படி இறங்கும்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. "ஏய், அந்த ஆளு நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலையே!"

"இப்பதான் தெரிஞ்சுதா?" என்றாள் மனைவி.

பயம் தெளியட்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அவர்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. அங்கே 'நற்செய்தி விழா' என்று ஒன்று அடிக்கடி நடக்கும். முன்கூடத்தில் பளபளவென்று ஒரு பித்தளை மணி தொங்கியது. சுவர் முழுக்கப் புகைப்படங்கள், எல்லாவற்றிலும் யாராவது மணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்றைய நாயகி ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மா. ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். பெரிய கத்தி மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! இந்தச் சகோதரியின் உடலிலிருந்து நாங்கள் அகற்றிய கட்டி ஆபத்தற்றது என்பது ஆய்வில் உறுதியாகியிருக்கிறது. அதாவது, அகற்றியிருக்க வேண்டிய அவசியமே இல்லை! இந்த மகிழ்ச்சியான செய்தி இவருக்கு எப்படிக் கிடைத்தது? அகற்றியதால்தான் கிடைத்தது. அகற்றாமல் விட்டிருந்தால், அகற்றத் தேவையில்லை என்ற இந்த ஆனந்தத்தை இவர் தன் வாழ்நாளில் அனுபவித்திருக்கவே முடியாது!"

கைத்தட்டல் காதைப் பிளந்தது. டீச்சரம்மா மணியை அடித்தார். கேக் வெட்டினார்கள். மாஸ்டரும் தட்டிக்கொண்டேதான் இருந்தார். திடீரென்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்து, சத்தமாகவே கேட்டுவிட்டார்.

"அப்போ எடுத்ததைத் திரும்ப உள்ள வெச்சிடுவாங்களா?"

சிரிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் வரவேற்புப் பெண் ஓடி வந்தாள். "சார், அது ஜாடியில பத்திரமா இருக்கு சார். எங்க காட்சிக்கூடத்துல பேர் ஒட்டி வெச்சிருக்கோம். அவங்க எப்ப வேணும்னாலும் குடும்பத்தோட வந்து பார்த்துட்டுப் போகலாம். டிக்கெட் கிடையாது."

மனைவி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுவரில் இனி ஒரு படத்துக்கு இடமில்லை. எதிர்ச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த படி, சிறுநீரகக் கட்டித் தீர்மான மன்றம். எந்தக் கட்டியாக இருந்தாலும் இந்த மன்றத்தில் வைத்து, விவாதித்து, கை தூக்கி முடிவெடுப்பார்கள். நோயாளி உட்காரக் கதவோரமாக ஒரு முக்காலி போட்டிருந்தார்கள், அது வெளிப்படைத்தன்மைக்காக. நோயாளி வாய் திறக்கக் கூடாது, அது நடுநிலைமைக்காக. தலைமை, வேறு யார், பெரிய கத்திதான்.

முதலில் ஸ்கேன் படம் பார்க்கும் டாக்டர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"இது கெட்டதாக இருக்கலாம். நல்லதாகவும் இருக்கலாம். இரண்டும் இல்லாமல் இருக்க முடியாது."

"தெளிவான அறிக்கைக்கு நன்றி," என்றார் தலைவர்.

அடுத்து, வெட்டி எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும் டாக்டர். "கையில் கொண்டுவந்து கொடுங்கள், கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்கிறேன். கொடுப்பதற்கு முன்பே கேட்பது என் துறையை அவமானப்படுத்துவது."

மருந்து டாக்டர் அதுவரை போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு முன்னால் பேசியவரை அப்படியே வழிமொழிகிறேன்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். என்ன பேசினார்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

மேஜையின் கடைக்கோடியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம் டாக்டர் இருந்தாள். அவள் மெல்ல, "ஐயா, ஊசி வழியா கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்து முன்கூட்டியே..." என்று ஆரம்பித்தாள். தலைவர் இருமினார். அதைப் பார்த்து ஸ்கேன் டாக்டர் இருமினார். சதை டாக்டர் இருமினார். அறை முழுக்க ஒரே இருமல். கடைசியில் அந்தப் பெண்ணும் வேறு வழியில்லாமல் இரண்டு தரம் இருமிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஆக, எடுத்துப் பார்க்க ஆதரவாக?" என்றார் தலைவர்.

எல்லாக் கைகளும் மேலே போயின. கூட்டத்தோடு கூட்டமாக மாஸ்டரும் கையைத் தூக்கிவிட்டார். பின்னால் நின்றிருந்த மனைவிதான் வெடுக்கென்று பிடித்து இறக்கினாள்.

வெளியே வந்ததும் அவள் பொரிந்து தள்ளினாள். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னாரே ஒருத்தர், அது நான் தினமும் பேசுற வசனம்ங்க. 'தண்ணி இன்னைக்கும் வரலாம், நாளைக்கும் வரலாம் சார்.' அதை நான் எப்ப சொல்லுவேன் தெரியுமா? பைப்பை எவனும் போய்ப் பார்க்காதப்போ!"

"அந்தப் பொண்ணு என்னமோ ஊசின்னுச்சே," என்றார் மாஸ்டர்.

"அதான். அந்த ஊசியைத்தான் பிடிக்கணும்."

விசாரணை ஜன்னலுக்குப் போனார்கள். உள்ளே இருந்தவர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"கிட்னிக் கட்டிக்கு ஊசி டெஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்காமே சார்?"

"இருக்கு. ஆனா இல்ல."

"இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார். நோயாளிங்களுக்கு இல்ல."

"நோயாளிக்கு இல்லாம வேற யாருக்கு சார் டெஸ்ட்டு?"

அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "அடுத்தவர் வாங்க!" என்று கூவினார். வரிசையில் அடுத்தவர் என்று ஒருவரும் இல்லை.

மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வாங்க, தேடலாம். எங்க போகக் கூடாதுன்னு கயிறு கட்டி வெச்சிருக்காங்களோ, அங்கதான் இருக்கும்."

கயிறு கீழ்த்தளத்துக்குப் போகும் படியில் கட்டியிருந்தது. தாண்டி இறங்கினார்கள். சலவை அறையின் நீராவியைக் கடந்து ஒரு திருப்பத்தில் திரும்பினால், நீளமாக ஒரு பெஞ்ச். அதில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் முதுகு திறந்த அங்கியை மாட்டிக்கொண்டு வரிசையாக ஆட்கள். எல்லோரும் முகத்துக்கு நேராக நாளிதழை விரித்துப் பிடித்திருந்தார்கள். ஒருவர் தலைகீழாகப் பிடித்திருந்தார். அங்கிக்குக் கீழே மட்டும் பாலீஷ் போட்ட ஷூக்கள் பளபளத்தன.

மாஸ்டர் குனிந்து முதல் நாளிதழுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "சார், நீங்க ஸ்கேன் பார்க்கிற டாக்டர்தானே?"

"நானாக இருக்கலாம்," என்றது நாளிதழ். "இல்லாமலும் இருக்கலாம்."

பக்கத்தில் இருந்தவர் சதை டாக்டர். அதற்கும் அடுத்தவர், போனைப் பார்த்துக்கொண்டே தீர்மானத்தை வழிமொழிந்தவர். மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். மன்றமே கீழே இறங்கி வந்து உட்கார்ந்திருந்தது!

கோடியில் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மேஜைமேல் ஒரு கனத்த உருவம் குப்புறப் படுத்திருந்தது. வழுக்கைத் தலை வேர்த்துக் கொட்டியது.

"மெதுவா, மெதுவா! ஐயோ, வலிக்குதே!"

"நான் இன்னும் ஊசியைக் கையிலயே எடுக்கலை சார்," என்றது ஒரு பெண் குரல். "எத்தனை பேரை நறுக்கியிருக்கீங்க, கொஞ்சம் அசையாமப் படுங்க."

மாஸ்டருக்கு அந்தக் கனத்த குரலை அடையாளம் தெரிந்தது. மைக்கில் கேட்ட குரல்தான். மனைவியைப் பார்த்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள், தோள் இரண்டும் குலுங்கின.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா வெளியே வந்தார். குட்டையான உருவம், பெரிய தொண்டை. பெஞ்சில் இருந்தவர்கள் அவரை ஊசியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள், அவரும் டாக்டர்தான். மாஸ்டரைப் பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"யாரு நீங்க? எந்த டிபார்ட்மென்ட்?"

"நான் நோயாளிங்க."

"நோயாளியா? நெஜ நோயாளியா? உங்களை யாரு அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பலைங்க."

"அப்போ சரியாத்தான் வந்திருக்கீங்க. உள்ள வாங்க!"

பெரிய கத்தி வேறொரு கதவு வழியாக நழுவிப் போயிருந்தார். ஊசியம்மா படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே பேசினார். ஆள் கிடைக்காமல் ரொம்ப நாளாகப் பேச்சை அடக்கி வைத்திருந்தவர்போல மளமளவென்று பேசினார்.

"ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே முதுகு வழியா ஒரு மெல்லிசான ஊசி. நூல் மாதிரி ஒரு துண்டு வரும். அதை வெச்சு நல்லதா கெட்டதான்னு பெரும்பாலும் சொல்லிடலாம். பெரும்பாலும்தான், எப்பவும் இல்ல. சில சமயம் ஊசிக்கும் பிடிபடாது, இன்னொரு தரம் போடணும், இல்லன்னா எடுத்துத்தான் ஆகணும். கொஞ்சம் ரத்தம் கசியலாம். இதெல்லாம் நான் மறைக்க மாட்டேன். கெட்டதுன்னு வந்துச்சுன்னா நானே கையைப் பிடிச்சு மேல கூட்டிட்டுப் போய்ப் படுக்க வெப்பேன், அப்போ அடம் பிடிக்கக் கூடாது. ஆனா ஒரு வார்த்தை கேட்காம, இருக்கிற ஒரே கிட்னியைத் தூக்கிக் கொடுக்க நீங்க என்ன பழைய பேப்பரா போடுறீங்க?"

"வெளிய இத்தனை டாக்டருங்க..." என்று இழுத்தாள் மனைவி.

"ஊழியர்களுக்கு வருஷா வருஷம் இலவச ஸ்கேன். தேடினா யாருக்காவது எங்கயாவது ஒரு கட்டி இருக்கத்தானே செய்யும்? தன் உடம்புன்னு வந்ததும் எல்லாருக்கும் என் ஞாபகம் வந்துடும். துண்டைப் பேர் போடாம மேல அனுப்பினா, அந்தச் சதை பார்க்கிற டாக்டரும் பேர் கேட்காமப் பார்த்துச் சொல்லிடுவாரு."

"ஏன் மத்தவங்களை அனுப்ப மாட்டேங்கிறாங்க?"

ஊசியம்மா கையுறையை இழுத்து மாட்டினார். "முன்னாடியே நல்லதுன்னு தெரிஞ்சிட்டா மணி அடிக்க யாரும்மா வருவா? சரி, மாஸ்டர், குப்புறப் படுங்க."

ஊசி ஒன்றும் பெரிதாக வலிக்கவில்லை. அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் உயிரை வாங்கியது. மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. காரில் பழகுகிறவர்கள் தப்பான கியரைப் போட்டாலும் திட்டவில்லை. அவர்களே பயந்துபோய், "மாஸ்டர், ஏதாவது சொல்லுங்க மாஸ்டர்" என்று கெஞ்சினார்கள். "என்னை அந்த மெஷின்ல கட்டிப் போட்டுட்டா நான் என்னடி பண்ணுவேன்?" என்று வீட்டில் சின்னப் பிள்ளைபோலக் கேட்டார். மனைவி அவர் முன்னால் திடமாகத்தான் இருந்தாள். அலுவலகத்தில் முடியவில்லை. மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று கத்த ஆரம்பித்த ஒருவர், இந்தப் பக்கம் விசும்பல் கேட்டதும், "பரவாயில்லம்மா, நாளைக்கே வரட்டும், நீ அழாதே" என்று போனை வைத்துவிட்டார்.

கடைசியில் ஊசியம்மா கூப்பிட்டார். நல்ல கட்டிதான். ஒருத்தருக்கும் கெடுதல் செய்யாத ஜாதி. அவ்வப்போது ஸ்கேன் செய்து, வளருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். மாஸ்டர் அந்தக் கீழ்த்தளத்திலேயே, சலவைத் துணி மூட்டைமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதார். மனைவியும் அழுதாள். ஊசியம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது, நோயாளி அழுது பார்த்து நாளாகிவிட்டதாம்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆபரேஷனுக்கு ஏற்கெனவே நாள் குறித்திருந்தார்கள். மனைவி போன் செய்து, ஊசி டெஸ்ட்டில் நல்லது என்று வந்துவிட்டது, ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்னாள். மன்றம் போட்ட தீர்மானத்தை மன்றம்தான் ரத்து செய்ய முடியும் என்றது அந்தப் பக்கத்துக் குரல். குறித்த நாளில் வராவிட்டால் ஆம்புலன்ஸ் வீட்டுக்கே வரும், அது முற்றிலும் இலவசச் சேவை என்றும் சொன்னது. ஆக, மறுபடியும் முக்காலி.

இந்தத் தடவை பெரிய கத்தி நின்றுகொண்டே பேசினார். உட்கார முதுகு இடம் கொடுக்கவில்லை போலும்.

"இந்த நோயாளி மன்றத்துக்குத் தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். ஆபத்தில்லை என்று ஊசி சொல்கிறதாம். நாங்கள் ஊசிக்கு எதிரிகள் அல்ல! ஆனால் ஊசி சொன்னது சரிதானா என்று தெரிய வேண்டாமா? அதற்கு ஒரே வழி, எடுத்துப் பார்ப்பது. எடுத்த பிறகு, ஆபத்தில்லை என்பது உண்மையானால் ஊசியை மனதாரப் பாராட்டும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மேலும், தியேட்டர் ஒதுக்கியாகிவிட்டது. மயக்க மருந்து டாக்டர் தன் லீவை ரத்து செய்திருக்கிறார். இம்முறை நற்செய்தி முன்கூட்டியே உறுதியாகிவிட்டதால், கேக்கில் நோயாளியின் பெயரையே எழுதச் சொல்லிவிட்டோம். தீர்மானத்துக்கு ஆதரவாக?"

கைகள் மேலே போயின. பிழைத்துவிட்ட கிட்னியை, பிழைத்தது நிஜமா என்று பார்ப்பதற்காகவே எடுக்கப் போகிறார்கள். மனைவி இரண்டடி முன்னால் வந்து நின்றாள்.

"நான் ஒண்ணு கேட்கலாங்களா?"

"நோயாளிக்கே இங்கே பேச உரிமையில்லை. நோயாளியின் மனைவிக்கு உட்கார முக்காலியே கிடையாது."

"அதான் நின்னுக்கிட்டே கேட்கிறேன். தூக்கின கையெல்லாம் அப்படியே இருக்கட்டும். கீழ பெஞ்சில பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து, ஊசி போட்டுக்கிட்டு, கட்டியை உள்ளயே வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனவங்க மட்டும் கையை இறக்கிடுங்க."

கைகள் தூக்கியது தூக்கியபடியே நின்றன. இறக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஸ்கேன் டாக்டர் கையைத் தோளுக்கு நேராக, மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் வைத்துக்கொண்டார். அப்போது கடைக்கோடியிலிருந்த இளம் டாக்டர் பேனாவைத் திறந்தாள்.

"இறக்காதவங்க எல்லாரும் தங்களுடையதையும் எடுத்துப் பார்க்கச் சம்மதிக்கிறாங்கன்னு குறிச்சுக்கட்டுமா ஐயா? தியேட்டர் இந்த வாரம் காலியாத்தான் இருக்கு."

மடமடவென்று கைகள் இறங்கின. மருந்து டாக்டர் தலைநிமிராமலேயே இறக்கினார். கடைசியாகப் பெரிய கத்தி, தூக்கிய கையால் தலையைச் சொறிந்து, அப்படியே சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். "தீர்மானம் காலவரையின்றி ஒத்திவைக்கப்படுகிறது," என்றார். மாஸ்டர் முக்காலியிலிருந்து எழுந்து, யாரும் மனசு மாறுவதற்குள் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டார்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தபோது பின்னாலேயே யாரோ மூச்சிரைக்க ஓடி வருவது கேட்டது. பெரிய கத்தி. கோட்டுப் பட்டன் மாறிப் போட்டிருந்தது.

"மாஸ்டர், ஒரு நிமிஷம். என்னோட முடிவு வந்துடுச்சாம். கீழ வெச்சிருக்காங்க."

"போய் வாங்கிக்க வேண்டியதுதானே சார்?"

"ரெண்டு தரம் படி வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்." படிப்பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "பயமா இருக்கு மாஸ்டர். கால் வர மாட்டேங்குது. எனக்குப் பதிலா நீங்க போய்க் கேட்டுட்டு வருவீங்களா?"

மாஸ்டருக்கு நன்றாக நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் ஆத்திரம் வந்தது. ஆனால் அந்த மனிதர் சின்னப் பிள்ளைபோலக் கேட்டுவிட்டு நின்றார். மாஸ்டரும் போன வாரம் வீட்டில் அப்படித்தான் கேட்டுக்கொண்டு நின்றார்.

"போய்க் கேட்டுட்டு வாங்க," என்றாள் மனைவி. "பாவம்."

மாஸ்டர் போனார். ஊசியம்மாவிடம் கேட்டார். திரும்பி வரும்வரை பெரிய கத்தி அங்கேயே, இரண்டு கார்களுக்கு நடுவில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லதுதான் சார். ஒண்ணும் இல்ல. எடுக்கத் தேவையில்லையாம்."

பெரிய கத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மாஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தெரிஞ்சிடுச்சு மாஸ்டர், தெரிஞ்சிடுச்சு" என்றார். மாஸ்டருக்கே மனசு இளகிவிட்டது. தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"இனிமே மத்தவங்களையும் முதல்லயே கீழ அனுப்பிடுங்க சார். அவங்களுக்கும் இப்படித்தானே இருக்கும்?"

பெரிய கத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்தார். கோட்டுப் பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டார். தொண்டையைச் செருமியபோது மைக்குக் குரல் திரும்பி வந்திருந்தது.

"வரவேற்கத்தக்க ஆலோசனை. இதைப் பற்றி ஆராய ஒரு துணைக்குழு அமைக்கலாமா என்பதை உரிய காலத்தில் பரிசீலிப்போம்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மன்றத்தில் அடுத்த கட்டி காத்திருக்கிறது. வருகிறேன்."

விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

துணைக்குழு என்றால் என்ன என்று மனைவிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் காரில் ஏறவில்லை. நேராக மன்றத்தின் கதவுக்கே திரும்பிப் போனாள். அங்கே ஸ்கேன் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அண்ணனும் தங்கையும் நின்றிருந்தார்கள். அண்ணனின் முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே பெயரைக் கூப்பிடும் சத்தம் கேட்டு அவர் ஓரடி எடுத்து வைத்தார். மனைவி குறுக்கே நின்றாள்.

"அவங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்கட்டும் அண்ணே. நீங்க முதல்ல ஒரு மாடி கீழ போங்க. சலவை ரூமைத் தாண்டினா ஒரு பெஞ்ச் இருக்கும். டாக்டருங்க உக்காந்திருப்பாங்க, கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க."